கூடத்தில் மாட்டிய வலை

மலாயா சுதந்திரம் அடைந்தது 1957 ஆகஸ்ட் முப்பத்தொன்றில். பேய், பிசாசு, சகுனம், கண்ணேறு ஆகியவற்றிடமிருந்து நான் சுதந்திரம் அடைந்தது அதற்கு இரண்டு வருடம் முன்பே. நாட்டிலேயே முதல் ஆள் நான்தான். கொடியேற்ற யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இதைக் கட்டுக்கதை என்று நினைக்க வேண்டாம். நடந்தது. பட்டப்பகலில், என் கண் முன்னால்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த இரண்டாம் மாதம், அக்டோபரில், சிங்கப்பூர்க் கல்லூரி விடுமுறைக்கு மலாக்கா வந்திருந்தேன். காஜா பெராங்கில் அக்கா மல்லிகாவின் வாடகை வீடு. அத்தான் சேதுராமன் ஒரு ரப்பர் கம்பெனியில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. அங்கே துரை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறார். அவர் நாற்காலி அத்தானுக்கா, வேறு ஆளுக்கா என்று அவர்தான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன், சனிக்கிழமை நாலு மணிக்குத் துரைசாணியோடு தேநீருக்கு வருவதாகத் தகவல்.

"கூடத்தை என்கிட்ட விடுங்க அத்தான்," என்றேன்.

துரைசாணிகள் படிக்கும் பத்திரிகைகளைக் கல்லூரி நூலகத்தில் நான் விடாமல் பார்ப்பவன். லண்டனில் இப்போது வீட்டுக்குள் கடலைக் கொண்டுவருகிறார்கள். சுவருக்கு வெள்ளை, ஜன்னலுக்கு நீலம், மேசையில் சிப்பி, சுவரில் மீன்வலை. கடலுக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு காலண்டர் மாட்டுகிறவர்கள் நாம்தான்.

சைக்கிளில் தெங்கேரா கரைக்குப் போனேன். சிப்பி பொறுக்கினேன். சேற்றில் நின்ற பாக்காவ் என்கிற அலையாத்தி மரத்தில் ஒரு வலை கட்டிக் கிடந்தது. கேட்க ஆளில்லை. நடுவில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. கிழிசல் இல்லை, கத்தியால் வட்டமாக அறுத்தது. அந்த வட்டத்துக்குள் ஒரு கண்ணாடியைத் தொங்கவிட்டால்...

தொங்கவிட்டேன். கூடம் லண்டன் ஆனது.

நாற்றம் மட்டும் லண்டன் ஆகவில்லை. அழுகிய இறாலும் ஈரச் சாக்கும் கலந்த நாற்றம். ஃபினைல் ஊற்றினேன். இப்போது ஃபினைலும் அழுகியது. இரண்டு நாள் வெயிலில் போட்டும் வலை காயவில்லை.

சொட்... சொட்...

"டேய் தியாகு, இந்தக் கருமத்த எங்கேருந்துடா தூக்கிட்டு வந்த? கொடலப் பெரட்டுது."

"இது மாடர்ன், அக்கா."

"மாடர்னுக்குப் பொணவாடை வருமா?"

அன்று மாலை அக்கா ஒரு டம்ளர் தண்ணீரைப் பின்வாசல் படியில் வைத்தாள்.

"இது யாருக்கு?"

"கடல்ல போனவங்க வாயில கடைசியாப் போனது உப்புத் தண்ணிடா. தாகத்தோடயே அலைவாங்க. கடல் சாமான் வீட்டுக்கு வந்தா நல்ல தண்ணி வைக்கணும்."

"ஐஸ் போட்டு வை. கலர் வேணுமான்னும் கேளு."

டம்ளரை எடுத்து வாழைக்கு ஊற்றினேன். அவள் தினமும் வைத்தாள். நான் தினமும் ஊற்றினேன்.

அப்புறம் அடுக்களை ஜாடியில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. காலையில் விளிம்பு வரை நிரப்பினால் மத்தியானம் அடி தெரியும். ஜாடியில் விரிசல் இல்லை. தரையில் ஈரம் இல்லை. விளிம்பில் மட்டும் நத்தை ஊர்ந்த மாதிரி ஒரு வழவழப்பு. விரலால் வழித்து முகர்ந்து பார்த்தேன்.

வாந்தி எடுத்தேன்.

சனிக்கிழமை. நாலு மணி. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"எவ்வளவு நவீனம்!" என்றார் துரைசாணி. அத்தான் என்னைப் பெருமையாகப் பார்த்தார். நாற்காலி கிடைத்துவிட்ட மாதிரிதான்.

துரைசாணி ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. இரண்டு விரலை வாய்க்குள் விட்டு எதையோ இழுத்தார்.

முடி.

இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது. கறுப்பு. ஒரு முழத்துக்கு மேல். நுனியில் மணல்.

துரைசாணியின் முடி செம்பட்டை, காதளவுதான். அக்காவுடையது பூவோடு சேர்த்து இறுக்கிய கொண்டை.

"புதுசாப் போடுடா... ஓடு!" என்றாள் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு.

ஓடினேன். ஜாடி காலி. கூடத்திலிருந்து ஒரு சத்தம்...

களக்... களக்... களக்...

மூச்சு விடாமல் குடிக்கிற சத்தம். எட்டிப் பார்த்தேன். கோப்பைகள் எல்லாம் மேசை மேல்.

சுவரைப் பார்த்தேன்.

சுவரில் மாட்டிய வலை தட்டையாகத்தான் இருக்க வேண்டும்.

அது புடைத்திருந்தது.

தோள் அகலத்துக்கு.

துரைசாணி வாயைத் துடைக்கக் கண்ணாடி முன் எழுந்து நின்றார். கை அப்படியே நின்றது. திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. மறுபடி கண்ணாடியைப் பார்த்தார்.

பிறகு அத்தானிடம் மிக மரியாதையாக ஆங்கிலத்தில் சொன்னார்: "உள்ளே நிற்கும் அந்தப் பெண்மணிக்கும் தண்ணீர் கொடுங்களேன். பாவம்... கண்ணாடியை நக்கிக்கொண்டிருக்கிறார்."

திங்கட்கிழமை நாற்காலி வேறு ஆளுக்குப் போனது. வீட்டுப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுக்காமல் அடைத்து வைக்கிறவனிடம் ஆட்களை ஒப்படைக்க முடியாது என்றாராம் துரை. அத்தான் என்னோடு பேசுவதை நிறுத்தினார். இனி நீயாச்சு, அதுவாச்சு என்று அக்காவும் டம்ளர் வைப்பதை நிறுத்தினாள்.

வலையைச் சாக்கில் கட்டித் தெங்கேராவுக்கு எடுத்துப் போனேன். அதே மரத்தில் கட்டும்போது ஹாஜா பார்த்துவிட்டான். பள்ளியில் என் கூடப் படித்தவன். அவன் வாப்பா மீன்பிடிப்பவர்.

"யா அல்லாஹ்! அந்த வலையவா எடுத்துட்டுப் போனே? மரத்துல கட்டி வச்ச வலைய இங்க யாரும் தொட மாட்டாங்கடா. மழையும் காத்தும் தின்னட்டும்னு விட்டுருவோம்."

"ஏன்?"

"போன மாசம் வாப்பா வலையில ஒரு பொம்பள மாட்டுச்சு. ஊதிப்போயி... முடியெல்லாம் கண்ணியில பின்னிக்கிச்சு. பொம்பள முடிய அறுக்கக் கூடாதுன்னு வாப்பா வலைய அறுத்தாங்க."

வட்டமாக. தலை அளவுக்கு.

"முகம்...?"

"முகம் ஏது? எல்லாம் நண்டு தின்னுருச்சு. நாக்க மட்டும் விட்டு வச்சிருந்துச்சு."

நான் நண்டு சாப்பிடுவதில்லை இப்போது. அது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, வயிறு சம்பந்தப்பட்டது.

வலை போய்விட்டது. கண்ணாடியை அக்கா சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். ஜாடி இன்னும் குறைகிறது.

நேற்று விளக்கு வைக்கும் நேரம், முனைக் கடையில் ஐஸ் வாங்கினேன். அக்கா பார்க்காத சமயம் டம்ளரில் போட்டுத் தண்ணீர் நிரப்பிப் பின்வாசல் படியில் வைத்தேன்.

காலையில் டம்ளர் காலி. விளிம்பில் வழவழப்பு.

கழுவினேன். மறுபடி நிரப்பி வைத்தேன்.