கடைசியாக வருபவருக்கு ஒரு கோப்பை

போன கிழமை எலிசபெத் லைன் ரயிலில் இல்ஃபோர்ட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். மனோர் பார்க்கில் ஒரு பெண் பந்தய சைக்கிளோடு ஏறினார். ஏறியதும் பெட்டி முழுக்கத் தைல மணம். பக்கத்தில் இருந்தவர் மூக்கைச் சுளித்தார். நான் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். பந்தயத்துக்கு முன்னர் காலைச் சூடாக்க இங்கே விதவிதமான களிம்புகள் விற்கிறார்கள். எங்கள் அன்ரன் அண்ணை தலையிடிக்கும் தடிமனுக்கும் பூசுகிற அதே தைலப் போத்தலைத்தான் பந்தயத்துக்கும் கொண்டுவருவார். குளிர்காலக் காலையில் அவர் வந்து நின்றால் தொடக்க வரிசை முழுக்க மருந்துக்கடை மணக்கும்.

அன்ரன் அண்ணை மன்னார்க்காரர், லண்டனில் பஸ் ஓட்டியவர். நான் அப்போது நகரத்தில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்து, கழுத்தில் டையும் மனதில் தனிமையுமாகத் திரிந்தேன். பங்குக் கோயில் வாசலில் அவர் முதலில் பார்த்தது என் முகத்தையல்ல, கால்களை. இவ்வளவு நீளமான கால் சும்மா மேசைக்குக் கீழே கிடக்கிறதே என்று கவலைப்பட்டார். அடுத்த ஞாயிறே அவருடைய பழைய சைக்கிளில் எசெக்ஸ் பக்கத்து ஒடுங்கிய ரோடுகளில் மூச்சிரைத்துக்கொண்டிருந்தேன். சனி பின்னேரப் பூசைக்குப் போய்விட்டால் ஞாயிறு காலை சைக்கிள் ஓடலாம் என்பது அவர் கண்டுபிடித்த வழி. சுவாமியாருக்கும் அது தெரியும், கண்டும் காணாமல் விட்டுவிட்டார்.

எங்கள் சைக்கிள் சங்கத்தில் பாதிப்பேர் தமிழர், பாதிப்பேர் வெள்ளைக்காரர். ஒரு கிராமத்து மண்டபத்தில் தொடங்கி வயல்வெளியைப் பல தடவை சுற்றி, அதே மண்டபத்துக்கு முன்னால் முடிகிற பந்தயங்கள். அவற்றில் அன்ரன் அண்ணை ஒருநாளும் வென்றதில்லை. வெல்வது கிடக்கட்டும், கடைசிக்கு முந்தின ஆளாகக்கூட வந்ததில்லை. பஸ் சீற்றில் இருந்து இருந்து வைத்த வயிறு, பொரித்த ரோல்ஸ் என்றால் உயிர். எசெக்ஸில் மேடு என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் கிடையாது. இருந்த ஒன்றிரண்டே அவரைப் பின்தள்ளப் போதும்.

ஆனால் அவர் ஓடுவதைப் பார்த்தால் முன்னால் போகிற யாரையோ இப்போது எட்டிப் பிடித்துவிடுவார் என்றே தோன்றும். முன்னால் ஒரு குருவிகூட இருக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு, சீற்றை விட்டு எழும்பி நின்று மிதித்து வருவார். நாங்கள் அதற்குள் உடுப்பு மாற்றி மண்டபத்துக்குள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். முடிவுக்கோட்டருகே அவர் மனைவி ரெஜினா அக்கா மட்டும் நிற்பார். கொடி பிடித்தவர் போன பிறகும் நிற்பார். மழையென்றாலும் நிற்பார்.

ஒரு மாசி மாதம், டிப்போவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அன்ரன் அண்ணை அப்படியே மேசையில் சாய்ந்துவிட்டார். இதயம் என்றார்கள். எனக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் நண்பர். பல கிழமை சைக்கிளைத் தொடவே மனம் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சாப்பாடு நடந்தபோது, அவர் பெயரில் வருடாவருடம் ஒரு பந்தயம் வைத்து, வெல்பவருக்குக் கோப்பை கொடுக்கப்போகிறோம் என்று ரெஜினா அக்காவிடம் சொன்னோம். சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம். அவர் கறிச் சட்டியை மேசையில் வைத்தார்.

"அவர் ஒருக்காலும் வெல்லேல்லைத் தம்பி. வெண்ட ஆளுக்குக் குடுத்தா அது வேற ஆரோவின்ர கப். கடைசியா வாறவருக்குக் குடுங்கோ."

முதல் வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கடைசியாக வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்கார வாத்தியார். முதலில் கேலி செய்கிறோம் என்று நினைத்து முறைத்தார். விஷயத்தைச் சொன்னதும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார்.

கதை பரவிவிட்டது. அடுத்த வருடம் இல்ஃபோர்ட்டிலிருந்தும் ரெய்னர்ஸ் லேனிலிருந்தும் எங்கள் ஆட்கள் பலர் பெயர் கொடுத்தார்கள். எனக்கு முழங்கால் நோ, நடுவருக்குப் பக்கத்தில் நின்றேன். வெள்ளைக்காரர் எல்லோரும் கோட்டைத் தாண்டிப் போனார்கள். பின்னால் கும்பலாக வந்த எங்கள் ஆட்கள், கோடு கண்ணில் பட்டதும் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்தார்கள். ஊரில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் மெதுவாகச் சைக்கிள் ஓடுகிற போட்டி ஒன்று உண்டு அல்லவா? கால் ஊன்றக்கூடாது, கடைசியாக வருபவருக்கே முதற்பரிசு. கடைசியாக வருபவருக்குக் கோப்பை என்று கேட்டால் எங்கள் ஆட்களுக்கு வேறு என்னதான் ஞாபகம் வரும்?

கோட்டைத் தாண்டாமல் ஒரு பட்டாளமே ஹாண்டிலை இடமும் வலமும் திருப்பி, விழாமல் நின்று ஆடிக்கொண்டிருந்தது. நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். எல்லாச் சைக்கிள்களும் ஒரே நேரத்தில் பழுதாகிவிட்டனவா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நின்ற சனம் முழுக்கச் சிரித்தது.

ரெஜினா அக்கா நடந்துபோய்க் கோட்டின் மேலேயே நின்றார். சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் குரலை உயர்த்தவில்லை.

"அவர் வேணுமெண்டு கடைசியா வந்தவரில்லை. ஏலுமான மட்டும் ஓடித்தான் கடைசியா வந்தவர். அது விளங்காட்டி இந்த ஓட்டத்துக்கு அவற்ர பேர் வேண்டாம்."

ஒவ்வொருவராகக் கால் ஊன்றினார்கள். அன்று கோப்பை யாருக்கும் இல்லை. அக்கா அதை ஒரு கடைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். பந்தயம் அத்தோடு சரி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவரிடம் போய்க் கேட்கிற துணிச்சல் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

அடுத்த இளவேனிலில், மினுக்கிய கோப்பையோடு அவராகவே சங்கத்துக்கு வந்தார். ஒரே ஒரு நிபந்தனை. கோட்டில் அவர் நிற்பார். வருபவர் உண்மையாக ஓடி வந்தாரா இல்லையா என்று அவர்தான் சொல்வார். நடுவர் மறு பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். மனுசனுக்குப் பயம். எங்களுக்கும் பயம்தான். அதன் பிறகு யாரும் விளையாட்டுக் காட்டவில்லை. முன்னால் போகிறவர்கள்கூட அக்காவைத் தாண்டும்போது குனிந்து இன்னும் கொஞ்சம் மிதித்தார்கள்.

அந்தப் பந்தயம் இப்போது இல்லை. ரோட்டுக்கு அனுமதி எடுப்பது வரவரக் கஷ்டமாகியது, சந்திகளில் நிற்க ஆட்கள் கிடைக்கவில்லை, மண்டபத்தையும் விற்றுவிட்டார்கள். ரெஜினா அக்கா மகளோடு கனடாவில் இருக்கிறார், கோப்பையும் அவரோடு போய்விட்டது. வேறு பந்தயங்கள் நடக்கத்தான் செய்கின்றன. நம்பர் அட்டையிலேயே நேரத்தைப் பதிகிற ஒரு சின்ன மின்சில்லு ஒட்டித் தருகிறார்கள். சைக்கிளை விட்டு இறங்க முன்னரே நான் எத்தனையாவது ஆள் என்று போனுக்கு வந்துவிடுகிறது.

போன கோடையில் அப்படி ஒன்றில் நான் கடைசியாக வந்தேன். ஏமாற்றாமல், ஏலுமான மட்டும் ஓடித்தான். கடைசி வளைவில் திரும்பியபோது ரெஜினா அக்கா அங்கே நிற்கவேண்டும் என்று சின்னப்பிள்ளை போல ஆசைப்பட்டேன். ஒருவர் ரோட்டிலிருந்த செம்மஞ்சள் கூம்புகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். பந்தயம் முடிகிற கோடு எங்கே என்று அவரிடம் கேட்டுத்தான் தாண்டினேன்.