பெண் பார்த்த அன்று சொன்ன சம்பளம்

எம்.எஸ்ஸி. கணிதம் முதல் ஆண்டு படித்தபோது அரசாங்கத்தின் கண்ணுக்கு நான் ஏழை. இரண்டாம் ஆண்டு போகும்போது பணக்காரி ஆகிவிட்டேன். இடையில் புதையல் ஏதும் அகப்படவில்லை. முதுகலை உதவித்தொகைக்கான விதியை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

அதுவரை அப்பாவின் வருமானம் மட்டும்தான் கணக்கு. இனிமேல் ஒரே ரேஷன் அட்டையில் இருக்கும் எல்லோருடைய வருமானமும் சேருமாம். ராஜபாளையத்தில் அப்பா தறிக்குப் போகிறார், அண்ணன் நூல் மில்லில் ஃபிட்டர், சம்பளம் பதினெட்டாயிரம். இருவருடையதையும் கூட்டினாலும் வரம்புக்குக் கீழேதான் வந்தது. நிம்மதியாக இருந்தேன். உதவித்தொகை வராவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரிக்கு முழுக்குத்தான் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போனோம். எங்கள் பக்கம் மாப்பிள்ளையின் சம்பளத்தை உள்ளபடி சொல்வது மரியாதைக் குறைவு. ஓவர்டைம், தீபாவளி போனஸ், இனி வரப்போகும் இன்கிரிமென்ட் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். பெண் வீட்டாரும் தலையாட்டிவிட்டு, மனசுக்குள் பாதியாகக் குறைத்துக்கொள்வார்கள். இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதாக நினைப்பதில்லை.

"மாசம் நாப்பதாயிரத்துக்குக் குறையாது" என்றார் அப்பா, கேசரியை மென்றுகொண்டே.

"அம்புட்டா?" என்று பெண்ணின் தாய்மாமா மட்டும் கேட்டார்.

அடுத்த திங்கட்கிழமை வருமானச் சான்றுக்காக அப்பா, அண்ணன், நான் மூவரும் வி.ஏ.ஓ.வைப் பார்க்கப் போனோம். அவர் மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நாற்காலியில் அந்தத் தாய்மாமா உட்கார்ந்திருந்தார்! அரசாங்க உத்தியோகம் என்று அன்றைக்கே சொன்னார்கள். எந்த ஊரில், என்ன வேலை என்று விசாரிக்க அப்பாவுக்கு எங்கே நேரம்? மகனின் சம்பளத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

அவர் என் விண்ணப்பத்தைப் படித்தார். "என்ன அண்ணாச்சி, பதினெட்டுன்னு போட்டிருக்கு? அன்னைக்கு நாப்பதுன்னீகளே. எது நெசம்னு சொல்லுங்க, அதையே எழுதுதேன்."

சம்பளச் சீட்டு அண்ணனின் சட்டைப் பையில்தான் இருந்தது. அவன் கை அங்கே போனது. அப்பா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். ஒரு தடவையாவது என் பக்கம் திரும்புவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

"புள்ள தெரியாம எழுதிட்டா. நாப்பதுதான்."

எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கிற பிள்ளைக்குப் பதினெட்டுக்கும் நாற்பதுக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம்.

வெளியே வந்ததும், "நல்ல எடம்ட்டி. கைய விட்டுப் போனா மறுபடி அமையுமா?" என்றார் அப்பா. படிப்பு மட்டும் மறுபடி அமையுமா என்று கேட்டிருக்க வேண்டும். விண்ணப்பம் தள்ளுபடியானது. தளவாய்புரத்தில் நைட்டிகளை மடித்துக் கவரில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. முதல் மாதச் சம்பளத்தை அண்ணன் எங்கள் எல்லோர் முன்னாலும் பயந்து பயந்து அண்ணியிடம் நீட்டினான். அவள் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை, சிரித்துவிட்டாள்.

"இதுக்கா இம்புட்டுப் பயம்? நீங்க பொண்ணு பாத்துட்டுப் போன அன்னைக்கே எங்க மாமா சொல்லிட்டாவ. நாப்பதுன்னா இருபதுக்குள்ளதான் இருக்கும், பையன் தங்கம், தாராளமாக் குடுக்கலாம்னு."

அப்பா சிரித்தார். அண்ணன் சிரித்தான். அக்கா மகளுக்காகப் பாதியாகக் குறைத்துக் கேட்கத் தெரிந்த அந்த மனுஷர்தான், என் சான்றிதழில் நாற்பதையும் முழுசாக எழுதிக் கொடுத்தார்.