மஞ்சள் துணி கட்டிய பூவரசு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஆற்றோரத்தில் மரம் நடும் குழுவில் இருக்கும் என் அக்கா மகள், "அந்த ஒரு மரத்துல மட்டும் ஏன் மஞ்சத்துணின்னு எல்லாரும் கேக்குறாங்க, நீங்களே வந்து சொல்லுங்களேன்" என்றாள். கூட்டத்தில் எழுந்து பேச எனக்குக் கூச்சம். அதனால் எழுதித் தருகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பினாங்கில் ஜார்ஜ்டவுன் ஓரத்தில், ஆற்றை ஒட்டிய பலகை வீடுகளில் இருந்தோம். ஆறு என்று பெயர்தான். பழைய மெத்தைகூட அதில் மிதந்து போகும். எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். கரை இடிந்து இடிந்து ஆறு எங்கள் குசினிக்குள் வந்துவிடும் என்று அவருக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்தாரைத் திரட்டிக் கோத்தோங் ரோயோங் என்று கூட்டு வேலை நடத்துவார். எல்லாரும் குப்பையை அள்ளிவிட்டு, கரை நெடுகப் பூவரசங்கன்று நட்டார்கள். வேலி போட வேண்டும் என்று மாமா ஒவ்வொரு மீட்டிங்கிலும் சொல்வார். எல்லாரும் தலையாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள்.

வேலி எங்கள் செவலைக்காகத்தான். அப்பா வளர்த்த கிடாய். ஆனால் என் பின்னாலேயே சுற்றும், என் சட்டையைச் சப்பும். பூவரச இலை என்றால் அதற்கு உயிர். மூன்று கன்றுகளை மொட்டையடித்த பிறகு அப்பா சொல்லிவிட்டார்: "இன்னொரு கன்னுல வாய வச்சிச்சுன்னா கறிதான்." அப்பா சொன்னால் செய்பவர்.

நான்காவது கன்று ஒரு சனிக்கிழமை மாலை போனது. குச்சி மட்டும் நின்றது. மொட்டைக் குச்சியைப் பார்த்தால் யார் வீட்டு ஆடு தின்றது என்று கேட்பார்கள். மஞ்சள் துணி சுற்றிய குச்சியைப் பார்த்தால் கும்பிடுவார்கள். என் அறிவுக்கு அவ்வளவுதான் எட்டியது. மாமா தைப்பூசத்துக்குக் கட்டும் மஞ்சள் வேட்டி பெட்டியில் இருந்தது. அதன் அடியில் ஒரு சாண் அகலம் கிழித்து, குச்சியில் சுற்றி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் ஒன்றையும் வைத்தேன். மிச்ச வேட்டியைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தேன்.

மறுநாள் யாரும் எதுவும் கேட்கவில்லை, கும்பிட்டார்கள். வேறு யாரோ கட்டியிருப்பதாக ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். மாமா மட்டும் துணியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, குப்பை அள்ளப் போனார். ஒரே வாரத்தில் கற்பூரம், வாழைப்பழம், கோடி வீட்டுச் சீனத் தாத்தாவின் ஊதுபத்தி எல்லாம் வந்துவிட்டன. அந்த இடத்தில் குப்பை கொட்டுவதும் நின்றது. செவலை சாமியின் வாழைப்பழத்துக்குப் பழகி, இலையை மறந்தது. நான் போட்ட திட்டங்களில் இவ்வளவு ஒழுங்காக நடந்தது வேறெதுவும் இல்லை.

பிறகு பக்கத்து வீட்டு அத்தையின் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. அத்தை குச்சிச் சாமியிடம் வேண்டிக்கொண்டார். காய்ச்சல் இறங்கியது. வேண்டுதலோ கிடாய் வெட்டு. எங்கள் வரிசையில் இருந்த ஒரே கிடாய் செவலை. சாமிக்கென்று கேட்டால் எப்படி மறுப்பது என்று அப்பா உடனே ஒப்புக்கொண்டார்.

நான் உண்டாக்கிய சாமிக்கே என் ஆடு. உண்மையைச் சொன்னால் ஆடும் போகும், எனக்கும் பிரம்படி விழும். சொல்லாவிட்டால் ஆடு மட்டும் போகும். செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தேன். என்னடா என்று கேட்டவர் மாமா ஒருவர்தான். ஒன்றுமில்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை செவலையைக் குளிப்பாட்டி மாலை போட்டார்கள். அது மாலையைத் தின்றது. அப்பா பாராங் கத்தியைக் கையில் எடுத்தபோது மாமாவுக்கு அருள் வந்தது. பால்குடம் எடுத்த ஆண்டுகளில்கூட, அருள் வராமல், தார் ரோடு சுடுகிறது என்று முனகிக்கொண்டே நடந்தவர் அவர். இப்போது உடம்பெல்லாம் உதற, கண் மேலே செருக, ஆட்டுக்கும் கத்திக்கும் நடுவில் வந்து நின்றார்.

"ரத்தம் கேட்டனா? நான் கேட்டனா?"

அத்தை கைகூப்பி, "வேற என்ன சாமி வேணும்?" என்றார்.

"வேலி. எத்தன மீட்டிங்லதான் சொல்றது? வேலியப் போடுங்க லா."

சாமி 'லா' போட்டுப் பேசியது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. பினாங்குச் சாமி வேறெப்படிப் பேசும்? இருட்டுவதற்குள் கரை முழுக்க வேலி நின்றது. அதிகக் குழி தோண்டியது அப்பா. செவலை கிழடாகித்தான் செத்தது. மொட்டைக் குச்சியும் மறுபடி துளிர்த்தது. இன்று நீங்கள் கேட்கும் மரம் அதுதான். துணியை இப்போது யார் மாற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

அன்று மாமா எல்லாருக்கும் திருநீறு பூசிவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தார். என் நெற்றியில் மட்டும் கட்டைவிரலைக் கொஞ்சம் அழுத்தினார். தலை குனிந்தபோதுதான் பார்த்தேன். அவர் கட்டியிருந்தது அந்த மஞ்சள் வேட்டி. கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, ஓரம் பிசிறாக நின்றது. மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். ஆனால் மாமா ஒன்றும் கேட்காமல் கை கழுவப் போய்விட்டார். அவர் அதைக் கவனிக்காதபடி கண்ணை மறைத்த சாமிக்கு, அன்று ரொம்ப நேரம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுதி முடித்தது: 9 பிப்ரவரி 2025, ஞாயிற்றுக்கிழமை.