கண்ணாடி யானைக்கு வைச்ச மஞ்சள்

அந்தத் தாடிக்காரன் நிப்பாட்டினபடியாலைதான், பிள்ளை, எங்கடை வீட்டு யானைக்கு இடம் கிடைச்சது. இல்லாட்டில் எங்கை? பிரிஸ்டலிலை இருக்கிறவன். நல்லா நடத்திக்கொண்டு வந்தவன், போன மாரியோடை நிப்பாட்டிப்போட்டான். மனுசிக்குக் குழந்தை பிறந்திருக்கு, பகலிலை வேலை, இரவிலை பிள்ளை அழுகை, அவன் எப்ப இருந்து அதைச் செய்யிறது? அவன் விட்டாப்பிறகு லீட்ஸிலை ரெண்டு பெட்டையள் சேர்ந்து புதுசா ஒண்டு தொடங்கினவை. இருங்கோ, அந்தக் கதிரையை இழுத்துப்போட்டு இருங்கோ. உங்கடை பிள்ளை பள்ளிக்கூடத்தாலை வர இன்னும் நேரம் கிடக்கு.

இல்லையில்லை, கடையில்லை. எங்கடை ஆக்கள் ஆரோ கடை பூட்டிப்போட்டினம் எண்டு நினைச்சிட்டியள் என்ன. தாடிக்காரன் வெள்ளைக்காரன். கனபேர் கீறி அனுப்பிறதைச் சேர்த்துப் படக்கதைப் புத்தகம் போடுறவன். கொமிக்ஸ் எண்டு சொல்லுவினம்.

எனக்கு எப்பிடித் தெரியும் எண்டால், எல்லாம் பேத்தியாலைதான். பின்னேரம் வந்து கொம்பியூட்டருக்கு முன்னாலை இருந்தால் எழும்பமாட்டாள். நான் பக்கத்திலை இருந்து வெங்காயம் உரிப்பன். இங்கிலாந்திலை படக்கதை கீறுறவை எல்லாரும் அதுக்குள்ளை ஒருத்தருக்கொருத்தர் எழுதிக் கதைக்கிறவை. அவள் வாசிச்சு வாசிச்சு எனக்குத் தமிழிலை சொல்லுவாள். ஆர் புதுப் புத்தகம் போட்டது, ஆற்றை புத்தகம் எடுக்க ஆளில்லாமல் கட்டிலுக்குக் கீழை பெட்டியோடை கிடக்குது, ஆரோடை ஆர் கோவம். எனக்கு எழுத்து ஒண்டும் தெரியாது, ஆனால் அந்தப் புதினம், ஊர்ச்செய்தி ஒண்டும் தப்பாது. எடின்பரோவிலை ஒரு கிழவர் இருக்கிறார், தன்ரை பூனையைப் பற்றி மட்டும்தான் கீறுவார். பூனை எப்பவோ செத்துப்போச்சாம். அவர் விடேல்லை.

பெரிய அச்சுக்கூடம் எண்டெல்லாம் நினைக்காதையுங்கோ. கனபேர் குசினி மேசையிலை வைச்சுத்தான் செய்யினம். கீறினதைக் கொப்பி மெசினிலை எடுத்து, நடுவாலை மடிச்சு, ரெண்டு கம்பி அடிச்சால் புத்தகம். பேந்து மண்டபம் ஒண்டிலை கூடி, உன்ரையிலை ஒண்டைத் தா, என்ரையிலை ஒண்டைத் தாறன் எண்டு மாத்துவினம், நாங்கள் வருசப்பிறப்புக்குப் பலகாரம் மாத்திறமாதிரி. என்ரை தம்பியின்ரை மகளின்ரை கலியாணத்துக்கு லண்டன் போனனாங்கள் எல்லே, அப்ப மச்சான் பெடியன் ஒருத்தன் இவளை அப்பிடி ஒரு மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன். போனவள் ஒரு பை நிறையப் புத்தகத்தோடை வந்தாள். தாலி கட்டுறதைக்கூட ஒழுங்காப் பாக்கேல்லை. மடியிலை புத்தகம்.

அதுக்குப் பிறகுதான் இந்த யானை. எங்கடை ஹம் பட்டினத்துப் பூங்காவிலை நிக்குதெல்லே, கண்ணாடியாலை கட்டின பெரிய யானை, அதுதான். ஒருநாள் அது எழும்பி, ஸ்டேசனுக்குப் போய், ரயிலேறுது. கதை அவ்வளவுதான். ரெண்டு தாள். எழுத்தே இல்லை. எழுத்தில்லாமல் கீறினால் முதல் என்னட்டைத்தான் கொண்டுவருவாள். நான் பாத்துக் கதையைச் சொல்லவேணும். சொல்ல ஏலாட்டில் அவள் திரும்பக் கீறுவாள்.

"அம்மம்மா, இதிலை என்ன நடக்குது, சொல்லுங்கோ."

"யானை எழும்பிச் சோம்பல் முறிக்குது. வேலியைக் கடக்குது. பிறகு ரயிலுக்குள்ளை நிக்குது. சனம் நெரிபடுது."

"ஓம். பேந்து?"

"பேந்து ரிக்கெற் பாக்கிறவனோடை கோவிக்குது."

"கோவமில்லை அம்மம்மா, வெக்கம். ரிக்கெற் எடுக்கேல்லை எல்லே."

"வெக்கப்படுறது உப்பிடி நிமிந்துகொண்டே நிக்கும்? தும்பிக்கையைச் சுருட்டி ஒளிக்கச் சொல்லு."

அடுத்தநாள் பாக்கிறன், தும்பிக்கையைச் சுருட்டி முதுகுக்குப் பின்னாலை ஒளிச்சுக்கொண்டு நிக்குது. எனக்குச் சிரிப்புத் தாங்கேல்லை.

என்ரை மகளுக்கு இது ஒண்டும் பிடிக்கேல்லை. அவளையும் பிழை சொல்ல ஏலாது. முதியோர் இல்லத்திலை நாள் முழுக்க ஆக்களைத் தூக்கி இருத்தி முதுகு போனவள். தன்ரை பிள்ளை இருந்து செய்யிற வேலைக்குப் போகட்டும் எண்டு நினைக்கிறாள். பள்ளிக்கூடம் முடிய மருந்துக்கடையிலை அவுஸ்பில்டுங், வேலையும் பழகலாம், கையிலை கொஞ்சம் சம்பளமும் வரும். இவள் படம் கீறப் படிக்கப்போறன் எண்டு நிக்கிறாள்.

"படம் கீறிச் சோறு தின்னுற ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" எண்டு தாய் கேட்டாள்.

"இருக்கினம் அம்மா."

"ஆர், அந்தப் பூனைக் கிழவரோ?"

அண்டைக்குத்தான் தாய் சொன்னவள், "சரி, அந்த இங்கிலாந்துப் பெட்டையள் உன்ரை யானையைப் புத்தகத்திலை போடட்டும். போட்டால் நீ படப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போடு, நான் கையெழுத்து வைக்கிறன். போடாட்டில் மருந்துக்கடை. பிறகு என்னோடை கதைக்கக்கூடாது." ரெண்டுபேரும் ஒத்துக்கொண்டினம்.

அந்தப் பெட்டையள் ஒரு நாள் குறிச்சிருந்தவை, அதுக்குள்ளை தாள் அங்கை போய்ச் சேரவேணும். படத்தைக் கொம்பியூட்டருக்குள்ளை ஏத்திற மெசின் எங்களிட்டை இல்லை, அதாலை கீறின தாளையேதான் தபாலிலை அனுப்பவேணும். அனுப்பிற அண்டைக்குக் காலமை அவள் கடித உறை வாங்கப் போயிட்டாள். தாள் ரெண்டும் சாமிப்படத்தடியிலை கிடந்தது. நான் குளிச்சுத் தோய்ஞ்சுபோட்டு விளக்குக் கொளுத்த வந்தனான். நீங்களே சொல்லுங்கோ பிள்ளை, கலியாண அழைப்புக் கடிதத்துக்கு மஞ்சள் வைக்காமல் அனுப்புவமே? இது அதைவிடப் பெரிய காரியம். கடல் தாண்டிப் போகுது. மஞ்சளைக் குழைச்சு மோதிர விரலாலை நாலு மூலைக்கும் வடிவா வைச்சன். ரெண்டாவது தாளிலை தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு. அது ஊறிக்கொண்டு போய் யானையின்ரை பின்னங்காலிலை நிண்டுது.

அவள் வந்து பாத்தாள்.

"அம்மம்மா, இதென்ன?"

"மஞ்சள்."

"மஞ்சள் எண்டு தெரியுது. ஏன்?"

"நல்லதுக்குத்தான் குஞ்சு."

ஏசினாலும் பரவாயில்லை, அவள் ஏசேல்லை. ரப்பராலை உரஞ்சினாள். பாணைப் பிச்சு உருட்டி அதாலை ஒத்திப் பாத்தாள். வெள்ளை மையாலை பூசினாள், மஞ்சள் அதுக்கு மேலாலையும் எட்டிப் பாத்தது. உங்களுக்குத் தெரியும்தானே, மஞ்சள் பட்டால் போகாது. திரும்பக் கீற நேரமில்லை. கடைசியிலை ஒரு துண்டு எழுதி உள்ளை வைச்சு ஒட்டினாள்.

"துண்டிலை என்ன எழுதினனி?"

"என்ரை அம்மம்மா படத்துக்குப் பூசை செய்துபோட்டா எண்டு எழுதினனான்," எண்டு சொல்லிப்போட்டுத் தபாற்கந்தோருக்கு ஓடினாள்.

தாய் வேலையாலை வந்து கேட்டுப்போட்டு என்னைப் பாத்தாள். "அம்மா, நீங்கள் ஆற்றை பக்கம்? எனக்கு உதவி செய்தனீங்களோ, அவளுக்கோ?"

"நான் யானையின்ரை பக்கம்," எண்டனான்.

சொல்லிப்போட்டன் ஒழிய, பயம் எனக்கும் இருந்தது. அதுக்குப் பிறகு கொஞ்சநாள் அவள் எனக்குப் புதினம் சொல்லேல்லை. வெங்காயத்தோடை போய்ப் பக்கத்திலை இருந்து, "இங்கிலாந்திலை என்ன புதினம்?" எண்டு கேட்டால், "ஒண்டுமில்லை" எண்டுவாள். அவ்வளவு சனம் இருக்கிற நாட்டிலை ஒண்டும் நடக்காதே? தாய் அதுக்குள்ளை மருந்துக்கடைக்குப் போன் எடுத்து, நேரிலை வந்து கதைக்க நாள் குறிச்சு ஒரு டெர்மினும் வாங்கிப்போட்டாள். அதுக்குப் போட்டுக்கொண்டு போகச் சேட் ஒண்டு கூட அயன் பண்ணித் தொங்குது. பிள்ளை அதைப் பாத்துக்கொண்டே சாப்பிடுவாள்.

போன கிழமை தபாலிலை வந்தது. மெல்லிசுப் புத்தகம். படியிலை நிண்டுகொண்டே கிழிச்சவள், சப்பாத்தும் கழட்டேல்லை. நடுப்பக்கம், பிள்ளை. கம்பி அடிக்கிற நடுப்பக்கம். விரிச்சால் ரெண்டு தாளும் ஒண்டாத் தெரியும், எங்கடை யானை இந்தப் பக்கத்தாலை ஏறி அந்தப் பக்கத்தாலை போகுது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் மூலையைத்தான் பாத்தன். மஞ்சள் இல்லை. நாலு மூலையும் வெள்ளை. கறுப்பு வெள்ளையிலை கொப்பி எடுக்கேக்கை மெசினின்ரை கண்ணுக்கு மஞ்சள் தெரியாதாம், அவள்தான் சொன்னவள். ஊறின இடம் மட்டும் பின்னங்காலிலை சாம்பலா ஒரு திட்டு விழுந்திருக்கு. அதைப் பாத்திட்டுக் கொம்பியூட்டருக்குள்ளை ஆரோ எழுதியிருக்கினமாம், யானை சேத்திலை நடந்து வந்த அடையாளத்தை என்ன வடிவாக் காட்டியிருக்கு எண்டு. அதை வாசிச்சுச் சொல்லிப்போட்டு என்னைப் பாத்தாள், நான் அவளைப் பாத்தன். சிரிச்சுச் சிரிச்சு எனக்கு இருமல் வந்திட்டுது.

தாய் பின்னேரம் வந்து, கை கழுவி, துடைச்சுப்போட்டுத்தான் புத்தகத்தைத் தொட்டாள். கனநேரம் பாத்தாள். ரிக்கெற் பாக்கிறவன் வாற படத்திலை நிண்டிட்டாள்.

"இது ஏன் தும்பிக்கையை ஒளிக்குது?"

"வெக்கம்," எண்டு நானும் பேத்தியும் ஒண்டாச் சொன்னம்.

"கையெழுத்து எங்கை வைக்கவேணும்?" எண்டு கேட்டாள் மகள். அவ்வளவுதான். ஆனால் ஆள் லேசுப்பட்டவள் இல்லை. "மருந்துக்கடை டெர்மினுக்கும் போ, போய்க் கதைச்சுப்போட்டு வா, சேட் சும்மா அயன் பண்ணினதே?" எண்டாள். பேத்தி அதுக்கும் ஓம் எண்டவள். அடுத்தநாள் பாத்தால் புத்தகத்தைக் காணேல்லை. தாய் வேலைக்குக் கொண்டுபோயிட்டாள், அங்கையிருக்கிற கிழவியளுக்குக் காட்ட.

இப்ப என்னெண்டால், யானை எங்கை இறங்கினது எண்டு இங்கிலாந்திலை எல்லாருக்கும் ஒரே கேள்வியாம். அந்தக் கேள்வியாலை லீட்ஸ் பெட்டையள் இன்னும் நாலு பக்கம் கேட்டிருக்கினம். பேத்திக்கு இன்னும் தெரியாது. இஞ்சை பக்கத்திலை வுப்பர்டாலிலை இறக்குவம் எண்டு நான் சொன்னனான், எங்கடை ஆக்கள் இருக்கினம், ஒரு வாய் சோறாவது குடுப்பினம். அவள் யோசிக்கிறாள். இண்டைக்குத் தொடங்கப்போறன், மேசை வேணும் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவள். ஐயோ, அதிலை வறுத்த மாவை ஆறப் பரப்பிப்போட்டு நான் இஞ்சை இருந்து கதைக்கிறன். உந்தச் சுளகை ஒருக்கா எடுங்கோ பிள்ளை, அவள் வரமுதல் மாவை அள்ளுவம்.