மதிலோரத்து எருக்கு

சேலையூரில் எங்கள் வீட்டு மதில் வெடிப்பில் ஓர் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. சித்திரை வெயிலில் அம்மாவின் ரோஜாத் தொட்டிகளெல்லாம் கருகிக்கிடக்க, அது மட்டும் யார் தயவும் இல்லாமல் ஊதாப்பூ பூத்து நின்றது. எருக்கு குடும்பத்துக்கு ஆகாது என்று அம்மா அதை வெட்டச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கணவர் வீட்டிலிருந்து அத்தை ஒற்றைப் பையோடு வந்து சேர்ந்த பிறகு அந்தப் பேச்சு இன்னும் அதிகமாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கத்தியோடு போனார். வந்ததிலிருந்து வாயே திறக்காத அத்தை குறுக்கே வந்து நின்றாள்.

"எலைக்கு அடியில பாருண்ணா. புழு கூடு கட்டிக்கினு கீது. பறக்கிற வரைக்கும் வுட்டுடு."

அப்பா குனிந்து பார்த்தார். பச்சை மணிகளைப் போலக் கூடுகள் தொங்கின. கத்தியோடு உள்ளே போய்விட்டார்.

பள்ளி விடுமுறை என்பதால் நானும் அத்தையும் செடியே கதியென்று கிடந்தோம். கூட்டைக் கிழித்துக்கொண்டு வரும் பட்டாம்பூச்சி, கறுப்புக் கரை போட்ட செம்மஞ்சள் சிறகுகள் காயும்வரை அசையாமல் தொங்கும். அத்தை மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவாள்.

அப்படி ஒன்று காய்ந்துகொண்டிருந்தபோதுதான் மறைமலை நகரிலிருந்து அத்தையைக் கட்டிய மாமா வந்தார். கையில் மல்லிகைப் பூவும் ஜாங்கிரிப் பெட்டியும். பெட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நேராகச் செடியருகே வந்தார்.

"கெளம்பு. ஊர் சிரிக்குது."

"இது பறந்துடட்டும், வரேன்" என்றாள் அத்தை.

மாமா கையைப் பிடித்து இழுத்தார். எப்போதும் போர்த்தியிருக்கும் முந்தானை நழுவியது. தோள்வரை வட்ட வட்டமாகத் தழும்புகள். அம்மை போட்டது என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அப்பாவும் அம்மாவும் அப்போதுதான் பார்த்தார்கள் போலும்.

அப்பா அந்தக் கையை விடுவித்தார். குரலை உயர்த்தவில்லை.

"அவ வரமாட்டா மாப்ள. இனிமே கூப்பிடவும் வராதீங்க."

மாமா ஏதேதோ கத்திவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அம்மா உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்து, ஜாங்கிரி அத்தனையையும் தெருச் சாக்கடையில் கொட்டினாள். நான் ஓவென்று அழுதேன். அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, என்னைவிடச் சத்தமாக அழுதாள்.

பாவம், அவளுக்கும் ஜாங்கிரி அவ்வளவு பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.