ஒன்பதாவது ஆள்

13 ஜனவரி 2003, திங்கள். ஐந்தரைக்கு எழுந்தேன். ஏழு மணிக்குள் சமையல் முடிந்தது. எட்டே காலுக்கு அலுவலகம் போகும் வழியில், பள்ளி மைதானத்தில் குடியரசு தின நடன ஒத்திகை. "ஏக், தோ, தீன்" என்று டீச்சர் எண்ணுவதைக் கேட்டு நின்றுவிட்டேன்.

1977-இல் எங்கள் தீவின் இதே கேம்பல் பே மைதானத்தில் எங்களுக்கும் இந்தியில்தான் எண்ணினார்கள். எட்டுப் பெண்களுக்கு ஐந்து தாய்மொழி. போர்ட் பிளேயரில் ஆட அந்த எட்டுப் பேருக்குத்தான் கப்பல் டிக்கெட். நான் ஒன்பதாவது. யாராவது விலகினால்தான் எனக்கு இடம்.

முன்வரிசையில் ஆடியவள் என் தோழி ஸ்டெல்லா. கப்பலுக்கு மூன்று நாள் முன்பு பவளப்பாறை அவள் உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. மஞ்சள் அப்பி, துணி சுற்றி, முகம் சுளிக்காமல் ஆடினாள்.

"டீச்சர்ட்ட சொல்லிராதடி. கப்பல்லயே ஆறிரும்."

"நான் எதுக்குடி சொல்லப் போறேன்?"

அன்று மாலையே சொன்னேன். டீச்சர் துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து நீ ஆடு என்று என்னைக் கைகாட்டினார்.

கப்பல் ஏறும் ஜெட்டிக்கு ஸ்டெல்லா நொண்டிக்கொண்டே வந்தாள். தன் சலங்கையை என் கையில் திணித்தாள்.

"எந்த நாயி போட்டுக் குடுத்துச்சோ! போவட்டும், நீ நல்லா ஆடு."

ஆடினேன். கைதட்டினார்கள்.

14 ஜனவரி, செவ்வாய். காலை முதல் வேலையாக ஸ்டெல்லா வீட்டுக்குப் போய், இருபத்தாறு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. அவள் பாத்திரத்தை இறக்கவில்லை.

"இத ஏன்டி இப்ப வந்து சொல்ற? எனக்கு இந்தத் தீவுல உன்னய விட்டா யாரு இருக்கா?"