தொண்டையில் இறங்காத நன்மை

எங்க ஊரு மாதா கோயில்ல, பூசை நடக்கும்போது, சாமியார் நாக்குல வச்ச நன்மைய, அதான் ஏசுவோட ஒடம்புன்னு குடுக்கற அப்பத்த, நான் தரையில துப்பிட்டேன். வேணும்னு துப்பல. பக்கவாதம் வந்து, மூக்குல போட்ட டியூப் வழியா கஞ்சி இறங்கிக்கினு இருந்த நேரம் அது. வாயால பச்சத் தண்ணிகூட கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. "நீ பெஞ்சுலியே குந்திக்கினு இரு, ஆண்டவரு கோச்சுக்க மாட்டாரு"ன்னு வூட்டுக்காரரும் சொன்னாரு. நான் கேட்டாத்தானே? ஊரே வரிசையில போவுது, நான் மட்டும் இன்னா பாவம் செஞ்சேன்னு எழுந்து போயிட்டேன்.

காகிதம் மாதிரி மெல்லிசு அப்பம். நாக்குல ஒட்டிக்கிச்சு. முழுங்கத் தெரியல. பொறந்த புள்ளைக்குத் தெரியுறது எனக்குத் தெரியல. இருமல் பொத்துக்கினு வந்துச்சு. எச்சிலும் அப்பமுமா சாமியார் கால்கிட்ட விழுந்துச்சு. ஆண்டவரு தரையில கெடக்கக் கூடாதுன்னு வூட்டுக்காரரு ஓடியாந்து, குனிஞ்சு எடுத்து, தன் வாயில போட்டுக்கினாரு. ஐயோ, என் எச்சில! அங்கியே செத்துடலாம்போல இருந்துச்சு.

வெளிய வந்தா பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி, என் காதுல விழணும்னே, "வாய் ஜாஸ்தியா இருந்தவளுக்கு ஆண்டவரு வாயிலியே குடுத்துட்டாரு"ன்னா. நல்லா இருந்த காலமா இருந்தா அவளைக் கிழிகிழின்னு கிழிச்சிருப்பேன். அன்னிக்கு முந்தானையால வாயைத் தொடச்சுக்கினு தலையக் குனிஞ்சுக்கினேன். அதுக்கப்புறம் கோயில் வாசல மிதிக்கல.

சேலத்துல காந்தம் வச்சு மூளையத் தூண்டுற வைத்தியம் இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. "காந்தமா? நான் இன்னா இரும்பா?"ன்னு குழறிக் குழறிக் கேட்டேன். ஆனாலும் போனேன். மறுபடி நன்மை வாங்கணும், அது ஒண்ணுதான் எனக்கு. சங்கராபுரத்துல பஸ் ஏறி, கள்ளக்குறிச்சியில மாறி, டியூப்ப முக்காட்டுல மறைச்சுக்கினு போவேன். அங்க கம்மல், தாலி, கொண்டை ஊசி வரைக்கும் கழட்டச் சொல்லிட்டு, தலையில ஒரு வளையத்த வச்சாங்க. டக் டக்னு மரங்கொத்தி கொத்துற மாதிரி. நான் சும்மா இருக்கேன், கட்டைவிரல் தானா துள்ளுது!

அது முடிஞ்சதும், முழுங்கப் பயிற்சி குடுக்குற ஒரு பொண்ணு, கெட்டியாக் கலக்குன தண்ணிய ஸ்பூன்ல குடுக்கும். "மோவாய நெஞ்சுப் பக்கம் இறக்கி முழுங்குங்கம்மா. இன்னொரு தபா முழுங்குங்க. இப்ப ஆ காட்டுங்க." மிச்சம் இருக்குதான்னு டார்ச் அடிச்சுப் பாக்கும். பேரன் பேத்தி எடுத்தவ, கைக்குழந்தை மாதிரி ஆ காட்டிக்கினு குந்தியிருப்பேன். வெக்கக்கேடு. ஆனா கொஞ்சம் கொஞ்சமா இறங்க ஆரம்பிச்சுச்சு. காந்தத்தாலயா பயிற்சியாலயான்னு டாக்டரே அடிச்சுச் சொல்லல. கடைசியில டியூப்ப எடுத்தாங்க. நன்மை வாங்கலாமான்னுதான் மொதல்ல கேட்டேன். துளியூண்டு, ஈரமாக்கி வாங்குங்கன்னாரு.

அந்த ஞாயித்துக்கிழமை நான் எழுந்ததும் கோயிலே திரும்பிப் பாத்துச்சு, அந்தத் தெருக்காரியும்தான். வூட்டுக்காரரு என் பக்கத்துல வந்து, ரெண்டு கையையும் என் மோவாய்க்குக் கீழ ஏந்திக்கினாரு. விழுந்தா புடிக்கறதுக்கு. சாமியார் நனைச்ச துணுக்க நாக்குல வச்சாரு. மோவாய இறக்கி முழுங்கினேன். இன்னொரு தபா முழுங்கினேன். பழக்கதோஷம், சாமியார் மூஞ்சிக்கு நேரா வாயப் பொளந்து "ஆ"ன்னு காட்டிட்டேன்.

கோயிலே கொல்லுன்னு சிரிச்சுச்சு. மானமே போச்சு. வூட்டுக்காரரு மட்டும் சிரிக்கல. எட்டி என் வாய்க்குள்ள பாத்தாரு. "ஒண்ணும் இல்ல, எல்லாம் இறங்கிடுச்சு"ன்னு சொன்னப்புறம்தான் ஏந்தின கையக் கீழ இறக்கினாரு.